போர்ட்டலில் பெயர் போடுவதற்கு முன்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இடம் மாறுவது எப்படி?

2025 மார்ச் கடைசியில் ஒரு மாலை. ஆறடி ஐந்தங்குலப் பையன் ஒருவன் என் எதிரே இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தான். "போர்ட்டலில் பெயர் போட்டுவிட்டேன்" என்றான். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்தான் போர்ட்டல். முகமெல்லாம் பூரிப்பு. மேசைமேல் அவன் கைப்பேசி அதிர்ந்தபடியே ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"கையில் எத்தனை கிரெடிட் இருக்கிறது?" என்று கேட்டேன். முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு அது.

"அறுபத்திரண்டு."

"போகிற இடத்தில் அதில் எத்தனை பட்டத்துக்குச் சேரும்?"

பதில் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனோடு பேசியிருந்த பயிற்சியாளர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

விளையாட்டு மாணவர்களின் படிப்புக் கணக்கைப் பார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். கல்லூரி மாற வந்தவர்களில் பாதிப் பேர் வேலையைத் தலைகீழாகத்தான் செய்தார்கள். கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைக் கோடையில் தேடுவார்கள். எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். எல்லாம் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன் பற்றியது. மற்றப் பிரிவுகள் பற்றிக் கடைசியில் சில வரிகள்.

விதி இப்போது எங்கே நிற்கிறது

2018 வரை, வேறு கல்லூரியோடு பேசவே இருக்கும் கல்லூரியின் அனுமதி வேண்டும். "இந்த நான்கு கல்லூரிகளுக்குப் போகக் கூடாது" என்று பயிற்சியாளர் பட்டியல் போட்டுத் தடுக்க முடிந்தது. 2018 அக்டோபர் 15-இல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததும் அந்தப் பிடி போனது. ஆனால் கூடைப்பந்தில் மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் வரை இருந்தது. அதன்பின் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றானது. வாஷிங்டன், மொன்டானா ஸ்டேட் என்று ஆடிவிட்டு மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்த ரேக்வான் பேட்டில் போன்ற இரண்டாம்முறை மாறியவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அந்த மாநிலத்தின் ஃபெடரல் நீதிபதி ஒருவர் விதிக்குத் தடை போட்டார். 2024 ஏப்ரலில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ தானே இறங்கிவந்தது. இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், போனதும் ஆடலாம். ஒரே நிபந்தனை, படிப்பு சரியாக இருக்க வேண்டும்.

செய்தி படிப்பவர்கள் அந்தக் கடைசி நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதல் படி: எதற்காகப் போகிறோம் என்று தாளில் எழுதுங்கள்

வாயால் சொன்னால் எல்லாக் காரணமும் நியாயமாகத்தான் தெரியும். தாளில் எழுதினால் சில காரணங்கள் கூச்சப்படும். ஆட நேரம் கிடைக்கவில்லையா, பயிற்சியாளர் மாறிவிட்டாரா, பணமா, வீட்டுக்குப் பக்கம் போக வேண்டுமா, பெரிய மேடை வேண்டுமா? ஒன்றுக்குமேல் இருக்கலாம். ஆனால் அவற்றுள் எது முதலாவது என்று தெரிந்தாக வேண்டும். ஏப்ரலில் வரும் அழைப்புகள் ஒவ்வொன்றும் வேறொரு காரணத்தைத்தான் தொடும்.

மாறி உயர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. டால்டன் கனெக்ட் கொலராடோவில் ஒரு ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கினார். பிறகு வடக்கு கொலராடோவில் இரண்டு ஆண்டு, கடைசி ஆண்டுக்கு டென்னசி. 2024-இல் எஸ்இசி என்ற கல்லூரி லீகின் சிறந்த வீரர் ஆனார், தொழில்முறை லீகான என்பிஏ புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 17-ஆவது இடம். 2025-இல் ஹூஸ்டனை 65-63 என்று வென்று தேசிய சாம்பியன் ஆன ஃப்ளோரிடா அணியின் கார்டு (பந்தை நடத்தும்) வீரர்களைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து. மூவருமே சிறிய இடத்தில் நிறைய நிமிடம் ஆடி, பிழை செய்து, திருத்திக்கொண்டு வந்தவர்கள். பெண்கள் பக்கம் ஏஞ்சல் ரீஸ் 2022-இல் மேரிலாண்டிலிருந்து லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே தேசிய சாம்பியன்.

மறுபக்கமும் உண்டு. ஏ.ஜே. ஸ்டோர் விஸ்கான்சினில் ஆட்டத்துக்குச் சராசரி 16.8 புள்ளி எடுத்தவர். அடுத்த ஆண்டு கான்சஸ் போனார், சராசரி 6.1-க்கு இறங்கியது. ஆள் அதேதான். ஆனால் பந்து யார் கையில் இருக்கும் என்பது அணிக்கு அணி மாறும். பெரிய பெயர் கொண்ட அணியில் நீங்கள் நான்காவது ஆள் என்றால், பழைய புள்ளிவிவரம் பழைய ஊரிலேயே தங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு எளிய கணக்குப் போடுங்கள். உங்கள் இடத்தில் ஆடுகிறவர்கள் யார், அவர்களில் இந்த ஆண்டு முடிக்கிறவர் எத்தனை பேர், போர்ட்டலில் போனவர் எத்தனை பேர், புதிதாகக் கையெழுத்திட்டவர் எத்தனை பேர். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 200 நிமிடம். பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் சொன்ன நிமிடங்களைக் கூட்டினால் அது 260-க்குப் போகும் என்று நாங்கள் அலுவலகத்தில் கேலி செய்வோம். கேலிதான், ஆனால் வெறும் கேலி இல்லை.

இரண்டாம் படி: படிப்புக் கணக்கு

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். இதில்தான் எல்லோரும் நேரத்தை மிச்சம்பிடிக்கிறார்கள்.

டிவிஷன் ஒன் வீரர் ஒவ்வொரு படிப்புப் பருவத்திலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும், கல்வியாண்டுக்கு 18 கிரெடிட் தேற வேண்டும். அதற்கு மேல், மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. இங்கே "பட்டம்" என்பது புதுக் கல்லூரியில் நீங்கள் எடுக்கும் பட்டம். பழைய கல்லூரியில் எத்தனை முடித்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

என் அறைக்கு வந்த பையனின் ட்ரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) அச்செடுத்து மேசையில் விரித்தேன். பக்கத்திலேயே அவன் போக நினைத்த கல்லூரியின் வணிகவியல் பாடத்திட்டம். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பாடமாக அடித்துக்கொண்டு வந்தோம். விளையாட்டு மேலாண்மை அறிமுகம், அங்கே அப்படி ஒரு பாடமே இல்லை, விருப்பப்பாடக் கணக்கில் போகும். விருப்பப்பாடத்துக்கு இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, ஆகவே வீண். வணிகம் படிப்பவர்களுக்கு வேறு கணிதம் வேண்டும், ஆகவே அவன் முடித்த கணிதமும் வீண். ஒரு மணிநேரம் கழித்துக் கூட்டினோம். கல்லூரி 62 கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பட்டத்துக்குச் சேர்வது 44. பட்டத்துக்கு வேண்டியது 120, அதில் 40 சதவீதம் 48. நான்கு குறைகிறது. கோடையில் மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டு எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் நவம்பரில் அவன் கோட் சூட் போட்டுக்கொண்டு பெஞ்சில்தான் உட்கார்வான்.

கிரெடிட்டை ஏற்பது ஒன்று, பட்டத்தில் சேர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் கெட்டுப்போன மாற்றங்கள் ஏராளம்.

ஆகவே போர்ட்டல் பக்கமே போகாமல் பிப்ரவரியிலேயே செய்யக்கூடியவை இவை. அதிகாரபூர்வமற்ற ட்ரான்ஸ்கிரிப்டை இறக்கி வையுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸைச் சேமியுங்கள். "இந்தப் பாடம் எங்கள் பாடத்துக்கு ஈடில்லை" என்று சொல்லும் துறைத்தலைவரின் மனத்தைச் சிலபஸ் மாற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற தேடுபட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன, அதில் தட்டிப் பாருங்கள். பட்டம் பெறக் கடைசி இத்தனை கிரெடிட்டை எங்களிடமே படிக்க வேண்டும் என்று பல கல்லூரிகளில் விதி உண்டு, அதையும் பாருங்கள். நான்காம் ஆண்டில் மாறுகிறவர்களை அது பிடிக்கும்.

இன்னொன்று, இது சின்னதாகத் தெரிந்தாலும் பல பேரைக் கவிழ்த்திருக்கிறது. ஏப்ரலில் மனசு வேறெங்கோ போய்விடும். வகுப்புக்குப் போகாமல் அறையைக் காலிசெய்கிறவர்கள் உண்டு. கிளம்பும்போது பழைய கல்லூரியில் தகுதியோடு இருந்தால்தான் புது இடத்தில் போனதும் ஆட முடியும். மே மாதத் தேர்வைக் கோட்டைவிட்டால், ஏப்ரலில் வாங்கிய கைதட்டலுக்கு மதிப்பே இல்லை.

ஆடக்கூடிய ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். ஐந்து ஆண்டுக்குள் நான்கு ஆட்டப் பருவம் என்பது நெடுங்கால விதி. அதைத் தளர்த்தக் கோரும் வழக்குகள் சில ஆண்டுகளாக வந்தபடி இருக்கின்றன. உங்களுக்கு எத்தனை மீதி என்று, கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நண்பன் சொன்னதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: இருப்பதை இழந்தால் என்ன ஆகும்

எழுத்தில் மாற்றம் கேட்ட நாளிலிருந்து, நடக்கும் படிப்புப் பருவத்துக்குப் பிறகு உங்கள் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு. மனம் மாறிப் பெயரை விலக்கிக்கொள்ளலாம், ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை அவர்களுக்கு இல்லை. போர்ட்டலை வேவுபார்க்கும் சன்னல் என்று நினைக்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

2025 ஜூலை 1 முதல், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏமேல் நடந்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துக் கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நீங்கள் அப்படிக் கையெழுத்திட்டிருந்தால், ஒப்பந்தத்தில் விலகுதொகை இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் போனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது புதுக் கல்லூரி கட்ட வேண்டும் என்ற பிரிவு அநேகமாக ஏழாவது எட்டாவது பக்கத்தில் இருக்கும்.

நான்காம் படி: சாளரமும் விண்ணப்பமும்

பெயர் போடச் சாளரம் உண்டு, அதன் அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. முதலில் 60 நாள், 2024-இல் 45, 2025-இல் மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை 30 நாள். அந்தச் சாளரம் தேசியப் போட்டி நடக்கும்போதே திறந்ததால், அரையிறுதிக்குத் தயாராக வேண்டிய பயிற்சியாளர்கள் இரவில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புலம்பலுக்குப் பிறகு 2026-க்கு இறுதிப்போட்டியின் மறுநாள் தொடங்கி 15 நாள் என்று மாற்றினார்கள். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் தனிச் சாளரம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் தேதியைப் புதிதாகச் சரிபாருங்கள்.

சாளரம் மூடுவதற்குள் பெயர் இருந்தால் போதும், கல்லூரியைத் தேர்ந்துவிட வேண்டும் என்பதில்லை. அவசரப்படுத்தும் பயிற்சியாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நடைமுறை எளிது. என்சிஏஏவின் இணையப் பாடப்பகுதியை முடித்து, காம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு வேலைநாளுக்குள் அவர்கள் பெயரை ஏற்றியாக வேண்டும். மறுக்க முடியாது. போர்ட்டலுக்குள் வீரரால் நுழைந்து பார்க்க முடியாது, பயிற்சியாளர்களும் கல்லூரி அலுவலர்களும்தான் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அலுவலரைத் திரையைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பட்டம் முடித்ததும் மூடிவிடும் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். போகும் இடம் ஏற்கெனவே முடிவானால் "தொடர்புகொள்ள வேண்டாம்" என்ற குறியும் போடலாம்.

இருக்கும் பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஐந்து நிமிடச் சங்கடம்தான். புதுப் பயிற்சியாளர் முதலில் கூப்பிட்டு விசாரிப்பது அவரைத்தான்.

ஐந்தாம் படி: கைப்பேசி அடிக்கும் நாட்கள்

2025-இல் ஆண்கள் டிவிஷன் ஒன் கூடைப்பந்தில் மட்டும் போர்ட்டலில் ஏறியவர்கள் 2,000-ஐத் தாண்டினார்கள். கல்லூரிகளோ 360 சொச்சம். ஆகவே முதல் 48 மணிநேரத்தில் வரும் குறுஞ்செய்திகளில் பாதி, ஐம்பது பேருக்கு ஒரேயடியாக அனுப்பியவை. "உன் ஆட்டம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்" என்று வந்தால், எந்த ஆட்டம் என்று திருப்பிக் கேளுங்கள். பார்த்தவர் சொல்லிவிடுவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் கூப்பிட்டார், தலைமைப் பயிற்சியாளரா உதவியாளரா, என்ன சொன்னார், எந்த நாள். பத்தாவது அழைப்புக்குமேல் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்குப் பிடித்தது, "என் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரோடு பேசுகிறீர்கள்?" என்பது. நேர்மையானவர் எண் சொல்வார். போன ஆண்டு போர்ட்டலில் வந்தவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், அவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இதற்கான விடை இணையத்திலேயே இருக்கிறது, அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்பது.

ஆறாம் படி: நேரில் போய்ப் பார்ப்பது

விளக்குப் போட்டு ஜெர்சி மாட்டிப் படமெடுக்கும் வேலை தானாக நடக்கும். நீங்கள் தேட வேண்டிய ஆட்கள் மூவர். படிப்பு ஆலோசகர், உடற்சிகிச்சையாளர், கடைசி பெஞ்சில் உட்காரும் வீரர். முதலாமவரிடம் உங்கள் ட்ரான்ஸ்கிரிப்டைக் கொடுத்துப் பட்டத்துக்குச் சேரும் எண்ணை மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டாமவரிடம் பழைய காயத்தை மறைக்காதீர்கள். மூன்றாமவரிடம் பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் சாப்பிடப் போங்கள்.

ஏழாம் படி: பணமும் கையெழுத்தும்

என்ஐஎல் என்று சொல்லப்படும் பெயர், உருவம், சாயல் வருமானம் 2021 ஜூலை 1 முதல் அனுமதிக்கப்பட்டது. இப்போது கல்லூரி நேரடியாகத் தருவது ஒரு வழி, வெளி நிறுவனங்கள் தருவது இன்னொரு வழி. வெளி ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ என்றால், ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்ஐஎல் கோ தளத்தில் பதிய வேண்டும். உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா என்று பார்த்து அவர்கள் நிராகரிக்கவும் கூடும். ஆகவே பயிற்சியாளர் சொல்லும் மொத்தத் தொகையில் எவ்வளவு கல்லூரிப் பணம், எவ்வளவு "யாரோ தருவார்கள்" பணம் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஏஜென்ட் வைக்கலாம். என்பிஏவில் வீரர் சங்கம் ஏஜென்ட் கூலிக்கு 4 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. கல்லூரியில் அப்படி எதுவும் இல்லாததால் 20 சதவீதம் கேட்கிறவர்களும் வருகிறார்கள். ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துச் சொல்ல மணிக்கணக்கில் கூலி வாங்கும் வழக்கறிஞர் பலருக்கும் போதும் என்பது என் எண்ணம்.

வரியையும் மறக்காதீர்கள். இது சம்பளம் போல வரி கழித்து வராது. சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி. வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். காருக்கு முன்பணம் கட்டிவிட்டு, வரி கட்டும் கடைசி நாளான ஏப்ரல் 15-இல் அப்பாவுக்கு போன் போட்ட பையனை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் மற்றக் கல்லூரிகள் உங்களோடு பேசக் கூடாது. வாய்ச்சொல்லுக்கு அந்தக் காப்பு கிடையாது. கையெழுத்து விழும்வரை இரண்டாவது கல்லூரியின் கதவைச் சாத்தாதீர்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது இரட்டை வேலை. வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் உள்ள உங்கள் பதிவைப் பழைய கல்லூரியின் சர்வதேச அலுவலகம் புதுக் கல்லூரிக்கு விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் தேதியை நன்றாக யோசித்துக் குறியுங்கள், அந்த நாள் கடந்தால் பழைய அலுவலகத்தால் பதிவைத் தொட முடியாது. அதிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புது இடத்தில் படிப்புத் தொடங்க வேண்டும். புதுக் கல்லூரி தரும் ஐ-20 சான்று இல்லாமல் கோடையில் ஊருக்குப் போய்த் திரும்பாதீர்கள். விசாவில் பழைய கல்லூரிப் பெயர் இருப்பது தடையில்லை, காலாவதி ஆகாமல் இருந்தால் சரி.

பணம் வாங்கும் விஷயத்தில் மட்டும் பயிற்சியாளர் சொல்லை வேதவாக்காக எடுக்காதீர்கள். எஃப்-1 விசாவில் வேலைக்குக் கடும் வரம்பு உண்டு. குடியேற்ற வழக்கறிஞர் படித்துச் சரி சொன்ன பிறகே பேனாவைத் தொடுங்கள். தவறினால் ஸ்காலர்ஷிப்போடு விசாவும் போகும்.

கிளம்பும்போது

பழைய கல்லூரிக்குப் பாக்கி இருந்தால் ட்ரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கக்கூடும். 180 டாலர் வண்டி நிறுத்த அபராதத்துக்காக மூன்று வாரம் ஒருவனின் தகுதிச் சான்று நின்றது. மருத்துவக் கோப்பு, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகஸ்டுவரை இருந்தால் உள்வாடகைக்கு ஆள் பாருங்கள்.

கைப்பேசி அடிக்காவிட்டால்

இதுவும் நடக்கும், பலருக்கு நடக்கிறது. 2025-26 முதல், ஹவுஸ் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் ஒரு அணிக்கு 15 பேர்தான். முன்போல உதவித்தொகை இல்லாத வாக்-ஆனாகக் கூடுதலாக ஒட்டிக்கொள்ள இடமில்லை. இரண்டு வாரத்தில் அழைப்பு வராவிட்டால் நீங்களே எழுதுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேற்படாத வீடியோ, அதில் பாதி தற்காப்பு ஆட்டம், கூடவே ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) மீதமுள்ள ஆட்டப் பருவங்களும். டிவிஷன் டூவிலும், என்சிஏஏவுக்கு வெளியே சிறு கல்லூரிகளின் தனி அமைப்பான என்ஏஐஏவிலும் விளையாட்டு உதவித்தொகை உண்டு. டிவிஷன் த்ரீயில் இல்லை, ஆனால் படிப்பு உதவி அங்கே தாராளம். ஒரே கல்வியாண்டில் இரண்டு டிவிஷன் ஒன் கல்லூரிகளுக்கு ஆட முடியாது, ஆகவே டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

என் அறையில் உட்கார்ந்த பையனுக்குக் கடைசியில் மூன்று அழைப்புகள்தான் மிஞ்சின. பெரிய பெயர் இரண்டையும் விட்டுவிட்டு, 44 என்ற எண்ணை மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்த கல்லூரிக்குப் போனான். ஜூன் முழுக்கக் காலை எட்டு மணிக்குப் புள்ளியியல் வகுப்பு, பதினோரு மணிக்குப் பேரினப் பொருளியல். ஆகஸ்டில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "50/120."